கிளிப் பெடலா, தட்டைப் பெடலா? பெருங்குடியிலிருந்து தியாகராய நகர் வரை

வாசகர் கேள்வி, 18 ஜூன் 2024

பெருங்குடியிலிருந்து தியாகராய நகரில் உள்ள வங்கிக் கிளைக்குத் தினமும் சைக்கிளில் போவதென்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு வழிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரும். பழைய ஹைபிரிட் சைக்கிள் ஒன்று வாங்கியாகிவிட்டது. ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஓட்டும் நண்பர் ஒருவர், கிளிப் பெடலும் அதற்கான ஷூவும் இல்லாமல் ஓட்டுவது வீண் உழைப்பு என்கிறார். முப்பது சதவீதச் சக்தி மிச்சமாகுமாம். இரண்டுக்கும் சேர்த்துப் பதினோராயிரம் ரூபாய் ஆகிறது. வங்கியில் தோல் ஷூ கட்டாயம். நண்பர் சொல்வது சரிதானா?

18 ஜூன் 2024, இரவு

வாங்காதீர்கள்.

முப்பது சதவீதத்துக்கு அவர்கள் சொல்லும் காரணம் இது: ஷூ பெடலோடு பூட்டிக்கொள்வதால் கீழே மிதிப்பதோடு மேலே இழுக்கவும் முடியும். முடியும்தான். ஆனால் வேலைக்குப் போகும் வேகத்தில் யாரும் இழுப்பதில்லை. ஏறுகிற காலின் எடையை எப்போதும் இறங்குகிற கால்தான் தூக்கிக்கொண்டிருக்கிறது. நன்றாகப் பழகியவர் ஏறுகிற காலைச் சற்று இலேசாக்குகிறார், அவ்வளவுதான். அதற்குப் பூட்டு தேவையில்லை.

நான் வேளச்சேரியிலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்குப் பதினொரு வருடமாகச் சைக்கிளில் போகிறேன். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். இன்று காலை இதற்காகவே எண்ணிக்கொண்டு போனேன். விஜயநகர் சந்திப்பிலிருந்து தொழிற்சாலை வாசல் வரை பதினான்கு முறை காலைத் தரையில் ஊன்றியிருக்கிறேன். அதில் சிக்னல் ஐந்துதான். மற்றவை பஸ் ஓரம் கட்டியது, ஷேர் ஆட்டோ நின்றது, குருநானக் கல்லூரி வாசலில் மாணவர்கள் கடந்தது, ஒரு மாடு. சிக்னல் வருவது தூரத்திலேயே தெரியும், முன்கூட்டியே காலைக் கழற்றிவிடலாம். ஷேர் ஆட்டோ சொல்லிக்கொண்டு நிற்பதில்லை.

19 ஜூன் 2024, காலை

"வாங்காதே என்றால் எதைத்தான் வாங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்.

அகலமான தட்டைப் பெடல். உங்கள் உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைத்தால் விரல்கள் மட்டும் வெளியே நீள வேண்டும், அந்த அளவு. சைக்கிளோடு வந்த குறுகிய பிளாஸ்டிக் பெடலைக் கழற்றிவிடுங்கள். அதன் நடுவில் பள்ளமும் இரு ஓரத்தில் மேடும் இருப்பதால் பாதம் இரண்டு கோடுகளின் மேல்தான் நிற்கிறது. மெல்லிய அடித்தட்டு உள்ள ஷூ போட்டு அரை மணி நேரம் மிதித்தால் அந்த இரண்டு கோடுகளும் பாதத்தில் தெரியும். அகலப் பெடலின் முகத்தில் சிறிய இரும்பு முள் பதித்திருப்பார்கள். ஷூ நழுவாது. நைலான் உடல் போதும். அலுமினியம் அழகாக இருக்கும், விலையும் அப்படியே.

ஷூவைப் பொறுத்தவரை, சைக்கிள் ஷூ என்று எழுதியதைத் தேடி அலைய வேண்டாம். அடித்தட்டு தட்டையாகவும் மென்மையான ரப்பராகவும் இருக்க வேண்டும், நடுவில் வளையக் கூடாது. கடையில் இரண்டு சோதனை செய்யுங்கள். கட்டைவிரல் நகத்தால் அடித்தட்டை அழுத்துங்கள், நகத்தின் தடம் விழுந்து மெதுவாக மறைய வேண்டும். பிறகு ஷூவின் மூக்கையும் குதிகாலையும் பிடித்து வளையுங்கள், விரல் மடிகிற இடத்தில் மட்டும் வளைய வேண்டும். ஓட்டப் பந்தய ஷூ நடுவில் மடியும், அது ஆகாது. மலையேறும் ஷூவின் அடியில் ஆழமான பாளங்கள் இருக்கும். முள் பாளத்துக்கும் பாளத்துக்கும் இடையில் விழுந்து காற்றைக் குத்திக்கொண்டிருக்கும். அதுவும் ஆகாது.

தோல் ஷூவை வங்கியிலேயே வைத்துவிடுங்கள். மேஜைக்கு அடியில் ஒரு பை. நான் இரும்பு மூக்கு வைத்த பாதுகாப்பு ஷூவைத் தொழிற்சாலை அலமாரியில் வைத்திருக்கிறேன், ஒரு நாளும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

19 ஜூன் 2024, மதிய இடைவேளை

பெடலை நீங்களே மாற்றுவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கை வையுங்கள்.

இடது பெடலின் மரை, அதாவது திருகும் புரி, எதிர் மரை. வலது பக்கம் எல்லாத் திருகையும் போல வலமாகச் சுற்றினால் இறுகும், இடது பக்கம் இடமாகச் சுற்றினால்தான் இறுகும். இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டுங்கள். பிடியை முன்சக்கரத்தின் பக்கம் சாய்த்தால் இறுகும், பின்சக்கரத்தின் பக்கம் சாய்த்தால் கழலும். இரண்டு பக்கத்துக்கும் இதே விதி. 15 மி.மீ. ஸ்பேனர் வேண்டும், அதுவும் தாடை மெலிந்தது. சாதாரண ஸ்பேனர் பெடலுக்கும் அதைத் தாங்கும் கிராங்குக்கும் நடுவே நுழையாது. சில பெடல்களுக்கு அச்சின் முனையில் 6 அல்லது 8 மி.மீ. ஆலன் சாவி போடலாம்.

மரை அளவு பெரியவர்கள் சைக்கிளில் பெரும்பாலும் 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. ஆகவே எந்த நிறுவனத்துப் பெடலும் எந்தச் சைக்கிளுக்கும் பொருந்தும். ஒரே துண்டாக வளைத்த கிராங்க் உள்ள சிறுவர் சைக்கிள்களில்தான் 1/2 அங்குலம் வரும்.

19 ஜூன் 2024, இரவு

இடது பக்கம் ஏன் எதிர் மரை என்று ஒருவர் கேட்டார். ஒரு பென்சிலை இடது கையின் முஷ்டிக்குள் தளர்வாகப் பிடியுங்கள். வலது கையால் அதன் நுனியைப் பிடித்து வட்டமாகச் சுற்றுங்கள். நுனி போகும் வட்டத்துக்கு எதிர்த்திசையில் பென்சில் முஷ்டிக்குள் உருள்வதை உணர்வீர்கள். பெடல் அச்சும் கிராங்கின் துளைக்குள் இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு உருள்கிறது. இடது பக்கம் சாதாரண மரை போட்டால் ஓட்ட ஓட்டக் கழன்றுகொண்டே வரும்.

இது தெரியாத ஒரு பையன், கடையில் புதிதாகச் சேர்ந்தவன், என் சைக்கிளின் இடது பெடலைச் சாதாரண மரை என்று நினைத்து நீளமான குழாய் ஒன்றை ஸ்பேனரில் செருகி இழுத்தான். கழற்றுவதாக நினைத்து இறுக்கினான், அலுமினியக் கிராங்கின் மரை மொத்தமாக உரிந்து சுருளாக வந்தது. அவன் முகம் வெளுத்துப்போனதை இன்னும் மறக்கவில்லை. கடைக்காரர் புதுக் கிராங்க் வாங்கச் சொன்னார். நான் கழற்றி எங்கள் டூல் ரூமுக்குக் கொண்டுபோய், துளையைப் பெரிதாக்கி, எஃகில் துளைக்குள் பொருந்தும் ஒரு புஷ் வளையம் கடைந்து, லேத்தில் உள்ளே எதிர் மரை வெட்டிப் பொருத்தினேன். எட்டு வருடமாக அதே கிராங்கில்தான் ஓட்டுகிறேன். அந்தப் பையனுக்குப் பென்சில் வித்தையைக் காட்டிக்கொடுத்தேன். ஒருமுறை கையால் உணர்ந்தவன் மறக்க மாட்டான்.

23 ஜூன் 2024, ஞாயிறு

கிளிப் பெடலை ஓட்டாமலேயே திட்டுகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஓட்டியிருக்கிறேன், முழுதாக ஒரு வருடம்.

முதலில் பெயர்க் குழப்பம். அந்தக் காலத்துப் பந்தய சைக்கிளில் கால் விரலுக்கு ஒரு கூண்டும் தோல் வாரும் இருக்கும். ஆங்கிலத்தில் கிளிப் என்றது அந்தக் கூண்டைத்தான். 1984இல் லுக் நிறுவனம் பனிச்சறுக்குக் காலணியைப் பலகையோடு பூட்டும் முறையைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறு வருடம் பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். கூண்டும் வாரும் ஒழிந்தன. ஆகவே ஆங்கிலத்தில் அதற்குக் கிளிப் இல்லாத பெடல் என்று பெயர், நம் ஊரில் அதையே கிளிப் பெடல் என்கிறோம். 1990இல் ஷிமானோ நிறுவனம் மலைச் சைக்கிளுக்காகச் சிறிய பூட்டுத் தகடு ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டு திருகில் நிற்கும் அந்தத் தகடு அடித்தட்டுக்குள் பதிந்திருப்பதால் நடக்கவும் முடியும். நான் வாங்கியது அந்த வகை.

காலைக் கழற்றுவதில் ஆறு மாதம் சிக்கல் இல்லை. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் டக்கென்று கழலும், பழகிவிடும். ஏழாவது மாதம் ஐந்து பர்லாங் சாலையில் முன்னால் போன வேன் நின்றது. பிரேக் பிடித்தேன், சைக்கிளும் நின்றது. கால் பழைய பழக்கத்தில் நேராக மேலே எழப் பார்த்தது, திருப்பவில்லை. நின்ற சைக்கிள் அப்படியே வலது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம்தான் வண்டிகள் வருகிற பக்கம். பின்னால் வந்த பஸ்ஸின் முன்சக்கரம் என் தலைக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து திட்டவில்லை. என்னைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்து, தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

அதோடு முழங்காலின் பின்பக்கமும் அந்த வருடம் முழுக்க வலித்தது. கிளிப் பெடல் காலை ஒரே நிலையில் கட்டிப்போடுவதால் வந்த வலி அது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிகாலையில் இரண்டு மணி நேரம் கால் ஊன்றாமல் ஓட்டுகிறவருக்கு அது நல்ல கருவி. மேடு பள்ளத்தில் கால் துள்ளி விலகாது, வேகமாகச் சுற்றினாலும் இடம் மாறாது. உங்கள் நண்பர் தன் சாலைக்குச் சரியானதைச் சொல்கிறார். உங்கள் சாலை வேறு.

2 ஜூலை 2024

செருப்போடு ஓட்டலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் செருப்பில்தான் ஓட்டுகிறார்கள் என்று தைரியமாகச் சொல்வேன். பால்காரரும் செய்தித்தாள் போடுகிறவரும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

அவர்கள் காலைக் கவனியுங்கள். புத்தகங்களில் பெருவிரலின் அடிமேடு பெடல் அச்சுக்கு மேல் வர வேண்டும் என்றிருக்கும். செருப்பில் ஓட்டுகிறவர்கள் பாதத்தின் நடுக்குழியால் மிதிப்பார்கள். விரல்கள் செருப்பின் வாரைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலையில் இருப்பதால் அவற்றின் மேல் சுமையை வைக்க முடியாது. கால் தன்னாலேயே முன்னே நகர்ந்து நடுவைக் கொடுத்துவிடுகிறது. இது தப்பு இல்லை. கெண்டைக்காலுக்கு வேலை குறைகிறது, பாரம் ஏற்றி மெதுவாகப் போகிறவருக்கு அதுவே சுகம்.

ஆனால் ஹவாய் செருப்பில் அகல முள் பெடல் வேண்டாம். அவசரத்தில் கால் எடுக்கும்போது செருப்பு முள்ளிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், கால் மட்டும் தரைக்கு வரும். எனக்கு நடந்திருக்கிறது. செருப்பென்றால் பழைய ரப்பர் கட்டைப் பெடல்தான் சரி. பின்வார் உள்ள செருப்பானால் எதுவும் பரவாயில்லை.

3 ஜூலை 2024

ஷூ லேஸ். லேஸின் நுனியை உள்ளே செருகுங்கள். அது பெடல் அச்சில் சுற்றிக்கொண்டால் இரண்டே சுற்றில் கால் கட்டப்பட்டுவிடும், பிறகு கிளிப் பெடலைப் பற்றிப் பேசி என்ன பயன்.

11 ஜூலை 2024

மகள் பள்ளிக்குச் சைக்கிளில் போகிறாள், பள்ளியின் கறுப்பு ஷூதான் போட வேண்டும் என்று ஒரு தாய் எழுதியிருக்கிறார். அந்த ஷூவின் அடித்தட்டு கெட்டியாகவும் வழுக்கலாகவும் இருக்கும், புதிதாக இருக்கும்போது இன்னும் மோசம். தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மெல்லிய ரப்பர் தகடு ஒன்றை முன்பாதியில் ஒட்டச் சொல்லுங்கள். என் தங்கை மகளுக்கு அப்படித்தான் செய்தோம். ஓரத்தைச் சுற்றித் தைக்கவும் சொல்லுங்கள், வெறும் பசை மழைக்காலத்தைத் தாண்டாது.

பெடலில் இருக்கும் மஞ்சள் பிரதிபலிப்பானைக் கழற்றிவிடாதீர்கள். சீட்டுக்குப் பின்னால் உள்ள சிவப்பு அசையாமல் நிற்பதால் அது ஏதோ ஒரு பொருள் என்று தோன்றும். மேலும் கீழும் மாறி மாறி எழுந்து இறங்கும் இரண்டு மஞ்சள் புள்ளிகளைப் பார்த்த மாத்திரத்தில் முன்னால் ஒரு மனிதர் மிதித்துக்கொண்டு போகிறார் என்று லாரி ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும். அகலப் பெடல்கள் பலவற்றில் இதை வைப்பதே இல்லை. நான் ஷூவின் குதிகாலில் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறேன்.

4 ஆகஸ்ட் 2024, திருத்தம்

ஜூன் 23 அன்று முழங்கால் வலிக்குக் கிளிப் பெடலைக் காரணம் சொன்னேன். அது தவறு. எழுதியதிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. கேள்வி கேட்டவரும் புதுப் பெடல் மாட்டிய பிறகு தனக்கு முழங்காலின் பின்னால் இழுக்கிறது என்று எழுதியதும் சந்தேகம் வலுத்தது. அவர் மாட்டியது கிளிப் பெடல் இல்லையே.

பரணில் இருந்த பழைய சாமான்களை இறக்கி வெர்னியர் அளவுகோல் எடுத்து அளந்தேன். பழைய ரப்பர் கட்டைப் பெடலில் அச்சின் மையத்திலிருந்து மேல்முகம் வரை 16 மி.மீ. அப்போது போட்ட ஷூவின் அடித்தட்டு 24. மொத்தம் 40. கிளிப் பெடலும் அதன் ஷூவும் சேர்ந்து 22தான். ஆக, பெடலை மாற்றிய அன்று என் கால் 18 மி.மீ. கீழே போயிருக்கிறது. சீட்டை நான் தொடவே இல்லை. ஒரு வருடம் முழுக்க 18 மி.மீ. உயரமான சீட்டில் உட்கார்ந்து காலை எட்டி எட்டி மிதித்திருக்கிறேன். பின்பக்கம் வலிக்காமல் என்ன செய்யும்?

தொழிலே அளப்பது. இதை அப்போதே அளந்திருக்க வேண்டும்.

ஆகவே எல்லோரும்: பெடலையோ ஷூவையோ மாற்றினால் சீட்டு உயரத்தையும் பாருங்கள். கால் கீழே போயிருந்தால் அதே அளவுக்குச் சீட்டை இறக்குங்கள், மேலே வந்திருந்தால் ஏற்றுங்கள். பொதுவாக முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட்டு தாழ்வு, பின்பக்கம் வலித்தால் சீட்டு உயரம். ஒரு நாள் செருப்பு, ஒரு நாள் தடித்த ஷூ என்று மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்கு ஒரு நிலையும் பொருந்தாது. ஒரே தடிமனுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

கிளிப் பெடல் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. அதற்கு அந்தப் பஸ் சக்கரம் போதும். முழங்கால் பழியை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

5 ஆகஸ்ட் 2024

அதே பரணில் மலையேறும் ஷூ ஒன்று பெட்டியோடு இருந்தது, ஐந்து வருடத்தில் இரண்டு முறை போட்டது. கையில் எடுத்ததும் அடித்தட்டு பிஸ்கட் போல நொறுங்கிக் கீழே கொட்டியது. பாலியூரித்தேன் அடித்தட்டு காற்றின் ஈரத்தைக் குடித்துத் தானாகவே சிதையும். சென்னையின் ஈரக்காற்றுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தள்ளுபடியில் பழைய சரக்கு ஷூ வாங்கும் முன் அடித்தட்டை ஒருமுறை அழுத்தி முறுக்கிப் பாருங்கள்.

10 அக்டோபர் 2024, ஆயுத பூஜைக்கு முந்தின நாள்

இன்று மதியத்துக்கு மேல் டூல் ரூமில் வேலை இல்லை. எல்லா இயந்திரத்தையும் துடைத்தோம். என் சைக்கிளையும் உள்ளே கொண்டுவந்து பெடலை ஓவராயில் செய்தேன். கடையில் பெடலைப் பிரிக்க யாரும் முன்வருவதில்லை, புதிது வாங்கு என்கிறார்கள். பிரிக்க முடிகிற பெடலாக இருந்தால் அரை மணி நேர வேலை.

மூடியைக் கழற்றியதும் கறுப்புக் களிம்பு. போன மழையில் உள்ளே போன நீரும் பழைய கிரீஸும் துருவும் கலந்த களிம்பு. அதற்குள் பால்ரஸ் குண்டுகள் புதைந்திருந்தன, 5/32 அங்குலம். மண்ணெண்ணெயில் போட்டு எடுத்து வெள்ளைத் துணியில் உருட்டினேன். நல்ல குண்டில் ஜன்னலின் பிம்பம் தெரியும். ஐந்து குண்டுகள் மங்கலாக, அம்மைத் தழும்பு விழுந்தது போல இருந்தன. ஐந்தை மட்டும் மாற்றக் கூடாது, மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். புதிது பெரிது, பழையது தேய்ந்தது, சுமை முழுக்கப் புதிதின் மேல் விழும். குண்டுகள் உட்காரும் கிண்ணத்தில் கிரீஸைத் தாராளமாகப் பூசி அதன் மேல் குண்டுகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் வைத்தேன். கிரீஸே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோனை இறுக்கும்போது ஒரு நிலை வரும். பெடலைச் சுண்டினால் சத்தமில்லாமல் ஐந்தாறு சுற்று ஓட வேண்டும், பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. அதற்குக் கால் சுற்று இந்தப் பக்கமும் கூடாது, அந்தப் பக்கமும் கூடாது.

நாளை இதற்கும் சந்தனம், குங்குமம்.

16 அக்டோபர் 2024

நேற்று வேளச்சேரியில் பிடித்த மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முந்தின நாளே எங்கள் மேம்பாலத்தில் இரு பக்கமும் கார்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், போன டிசம்பர் மிக்ஜாம் புயலில் கார் மூழ்கப் பார்த்தவர்கள்.

நான் சொல்ல வந்தது என் காலைப் பற்றி. திங்கள்கிழமை மாலை, வலுவான மழை தொடங்கும் முன் தூறலில் வீடு திரும்பினேன். வேகத்தடை மேல் கால் நழுவி, பெடல் திரும்பி வந்து கணுக்காலுக்கு மேல் எலும்பில் அடித்தது. முள் பெடல் ஓட்டுகிற எல்லோருக்கும் அந்த இடத்தில் வடு இருக்கும், வரிசையாக மூன்று நான்கு புள்ளி. எனக்குப் பழைய வடு இருக்கிறது, இது புதிது. வழக்கமாக அதைப் பொருட்படுத்த மாட்டேன். நேற்று தெருவில் முழங்கால் அளவு நீர், சாக்கடை கலந்த நீர். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மாத்திரை வாங்க இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. இறங்கிய பிறகுதான் காயம் நினைவுக்கு வந்தது.

எலிக்காய்ச்சல் இப்படித்தான் வருகிறது. எலியின் சிறுநீர் கலந்த நீர், தோலில் ஒரு திறந்த காயம். இரண்டும் சேர்ந்தால் போதும். இன்று காலை மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன், மாத்திரை கொடுத்திருக்கிறார். காய்ச்சல் வந்தால் உடனே வரச் சொன்னார்.

3 நவம்பர் 2024

காய்ச்சல் வரவில்லை. ஆனால் ஜூன் 19 அன்று நான் எழுதியதை மாற்றுகிறேன். இரும்பு முள் வைத்த பெடல் வேண்டாம்.

தீபாவளி விடுமுறையில் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். முள் பெடல் மலைச்சரிவில் துள்ளிப் பாய்கிறவர்களுக்காக வந்த பொருள். அங்கே கால் ஒரு நொடி விலகினாலும் ஆபத்து, முழங்காலுக்குக் கீழே காப்பும் கட்டியிருப்பார்கள். நாம் வேட்டியும் பேண்டும் சேலையும் சுடிதாரும் கட்டிக்கொண்டு போகிறோம். சிக்னலில் சைக்கிளைத் தள்ளி நகர்த்தும்போதும், மாடிப்படிக்கு அடியில் நிறுத்தும்போதும் பெடல் காலில் இடித்துக்கொண்டேதான் இருக்கும். நமக்கு வருடத்தில் மூன்று மாதம் தெருவில் நீர் நிற்கிறது. அந்த மூன்று மாதத்தில் காலில் காயம் உண்டாக்கும் பெடலை நானே பரிந்துரைத்திருக்கிறேன்.

அகலம் அப்படியே இருக்கட்டும். நைலான் உடலிலேயே மொட்டு மொட்டாக வார்த்த பெடல் கிடைக்கிறது, அதைத் தேடுங்கள். மேல்முகத்தில் சொரசொரப்பான பட்டை ஒட்டிய பெடலும் வருகிறது, பட்டை தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். பிடி முள்ளைவிடக் குறைவுதான். மென்மையான ரப்பர் அடித்தட்டு இருந்தால் அந்தக் குறை தெரியாது. ஏற்கெனவே முள் பெடல் வாங்கியவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம். முள் ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஆலன் திருகு, கழற்றிவிடலாம். கால் அதிகம் உரசுகிற வெளிவரிசையை மட்டும் எடுத்தாலே பாதிக் காயம் குறையும். நான் பன்னிரண்டைக் கழற்றினேன், எட்டை விட்டிருக்கிறேன்.

4 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு வந்த கேள்விகள் எல்லாம் நனைந்த ஷூவைப் பற்றித்தான். உள்தட்டை வெளியே எடுத்துவிட்டுச் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள், இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை மாற்றுங்கள். வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைத்தால் பசை விட்டுவிடும். நான் நவம்பர் தொடங்கியதும் ஷூவையே நிறுத்திவிடுகிறேன். விரலை மூடி, குதிகாலில் வார் உள்ள ரப்பர் செருப்பு. தொழிற்சாலைக் குழாயில் காலைச் சோப்பு போட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்துவிட்டுப் பாதுகாப்பு ஷூவுக்குள் போகிறேன். விரலிடுக்கைத் துடைக்காமல் காலுறை போட்டால் ஒரு வாரத்தில் சேற்றுப்புண்.

தரை தெரியாத நீரில் ஓட்டாதீர்கள். எந்தப் பெடலும் எந்த ஷூவும் திறந்த சாக்கடைக் குழியிலிருந்து காப்பாற்றாது. இறங்கி, ஒருவர் நடந்து போன வழியில் தள்ளிக்கொண்டு போங்கள்.

20 ஜனவரி 2025

பெருங்குடிக்காரர் எழுதியிருக்கிறார். மொட்டு வார்த்த நைலான் பெடல், தட்டையான கேன்வாஸ் ஷூ, சீட்டு 12 மி.மீ. இறக்கம், வங்கி மேஜைக்கு அடியில் தோல் ஷூ. முழங்கால் வலி போய்விட்டதாம். மொத்தச் செலவு இரண்டாயிரத்து முந்நூறு. படித்தபோது நிறைவாக இருந்தது.

கழற்றிய பழைய பெடலை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். உங்கள் தெருவில் நிற்கும் சைக்கிள்களின் காலடியைப் பாருங்கள். ரப்பரும் தகடும் எப்போதோ உதிர்ந்துபோய் வெறும் அச்சுக்கம்பியை மட்டும் மிதித்துக்கொண்டு போகிறவர் ஒருவராவது இருப்பார். எங்கள் தொழிற்சாலை இரவுக் காவலரின் சைக்கிள் அப்படித்தான் இருந்தது, இரண்டு பக்கமும். பள்ளிக்கரணையிலிருந்து ஹவாய் செருப்போடு அந்தக் கம்பியை மிதித்து வருகிறார். அந்தச் செருப்பின் நடுவில் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது, வார்த்து எடுத்தது போல.

என் பரணில் இருந்த ரப்பர் கட்டைப் பெடலைப் பிரித்துக் கிரீஸ் வைத்து, சனிக்கிழமை மாலை அவர் பணிக்கு வந்ததும் மாட்டினேன். வலது பக்கம் முடித்துவிட்டு ஸ்பேனரோடு மறுபக்கம் போனேன். அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது பக்கம் எதிர் மரை சார், பார்த்து மாட்டுங்கள்" என்றார்.